தறிக்கூடத்துக்கு அடுத்த அறையில் கடல்

சங்கரன்கோவிலில் குழாய்க்கடை வைத்திருக்கிறவனிடம் என்னவெல்லாமோ கேட்டு ஆள் வருவார்கள். கிணற்று மோட்டாருக்குக் குழாய், கழிப்பறைக்குக் குழாய், மொட்டை மாடித் தொட்டிக்குக் குழாய் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடலுக்குக் குழாய் கேட்டு என் கடைப்படி ஏறியது கோகிலா ஒருத்திதான்.

கோகிலா என் பள்ளிக்கூடச் சேக்காளி ஆவுடையப்பனின் மனைவி. ராயகிரியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, விசைத்தறி ஓடுகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆவுடையப்பனின் தறிக்கூடம் வீட்டோடு ஒட்டினாற்போல் இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் உள்ளங்காலில் ஏறும். அந்த வீட்டில் எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். ‘சாப்பிட வாங்க’ என்று கூப்பிட்டால் புதிதாக வருகிறவனுக்குச் சண்டை நடக்கிறதோ என்று தோன்றும். வந்த புதிதில் கோகிலாவுக்குத் தலைவலி தீரவே இல்லையாம். பிறகு எல்லாம் பழகிவிட்டது. ஊடைநூலைத் தாராகச் சுற்றப் பழகினாள், துணி மடிக்கப் பழகினாள், ஆவுடையப்பனைவிட உரக்கக் கத்தவும் பழகிக்கொண்டாள்.

ஒரு தடவை ராமநாதபுரம் பக்கம் குடும்பத்தோடு போனபோது, அடியில் கண்ணாடி வைத்த படகில் ஏற்றிக் கடலுக்குள் பவளத்தைக் காட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருக்க, இவள் குனிந்த தலை நிமிரவில்லை. “எல்லாம் அசையுது, ஆனா சத்தமே இல்ல” என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாளாம். வந்த கையோடு கடல்மீன் தொட்டி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கிடைத்த ஆள் கடையநல்லூர் நியாஸ் அகமது. துபாயில் மீன்தொட்டிக் கடையில் பல வருஷம் வேலை பார்த்து, ஊர் திரும்பி அதே தொழிலைச் சொந்தமாக ஆரம்பித்தவர். அவரிடம் ஒரு ரெண்டடித் தொட்டி, கோமாளி மீன் ஒரு ஜோடி, வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்த பவளத்துண்டு கொஞ்சம் வாங்கி வந்தாள். நம்மூர்க் கடலில் பவளத்தைப் பெயர்த்தால் கம்பி எண்ண வேண்டும். இது பில்லோடு வந்த பவளம். தொட்டி வைக்க வீட்டில் இடம் வேண்டுமே. ஆவுடையப்பனின் அம்மா சீராகக் கொண்டுவந்த இரும்பு பீரோ, கூடத்திலிருந்து தறிக்கூடத்து மூலைக்கு நகர்ந்தது. அன்றிலிருந்து அந்த பீரோதான் அந்த வீட்டில் வாய்தா வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு. எந்தப் பேச்சை எடுத்தாலும் ஆவுடையப்பன் பீரோவில் கொண்டுபோய் முடிப்பான்.

ஆறு வருஷத்தில் அந்தத் தொட்டி நிறைந்துவிட்டது. அதில் சுத்தியல் பவளம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு விரல் நுனியிலும் குட்டிச் சுத்தியல் மாட்டினதுபோல் இருக்கும். ரெண்டு தலையாக வாங்கி வந்தது, பூசணிக்காய் அளவுக்குப் பருத்துப் பக்கத்துப் பவளங்களைத் தொட்டுக் கொட்டிக் கருக்க ஆரம்பித்தது. கோமாளி மீன்கள் ரெண்டும் அந்தப் பவளத்துக்குள்தான் படுத்து எழும்பும். அதைப் பிய்த்து விற்க அவளுக்கு மனசில்லை. ஆகவே நாலடித் தொட்டி.

ஆவுடையப்பன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டான். என் முன்னால் வைத்துத்தான் போட்டான்.

“ஏட்டி, பெரிய தொட்டி வச்சிக்கிடு. ஆனா அது சரியா வரலன்னா எல்லாத்தையும் எடுத்திரணும். அந்த எடத்துக்கு எங்கம்ம பீரோ வரணும்.”

“சரி. சரியா வரலன்னா மீனு, பவளம் எல்லாத்தையும் நியாஸ் பாய்கிட்ட குடுத்திடுதேன். பெறவு நான் தொட்டின்னு வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள் கோகிலா.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள். அதனால்தான் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

தொட்டி பெரிதானால் பில்டரும் பெரிதாக வேண்டும். எதைப் போடுவது என்பதுதான் கேள்வி. என் கடைக் கல்லாவில் செல்போனை வைத்து, நியாஸ் பாயை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, கேனிஸ்டர் போட்ருங்க. மூடுன டப்பா, உள்ள ஸ்பாஞ்சு, சத்தமே இருக்காது. மாசம் ஒரு தடவ தொறந்து கழுவினா போதும்” என்றார் அவர்.

“கழுவுற வரைக்கும் அழுக்கு எங்க பாய் இருக்கும்?”

“டப்பாக்குள்ளதான்.”

“அப்போ தண்ணி அந்த அழுக்குக்குள்ளதான போயிட்டுப் போயிட்டு வரும்? அழுக்க ஒளிச்சு வைக்கதுக்கு எனக்கு எதுக்கு ஒரு மெஷினு?”

பாய் சிரித்துக்கொண்டே அடுத்த வழியைச் சொன்னார். சம்ப். நமக்குச் சம்ப் என்றால் தரைக்கடியில் குடிதண்ணீர் தேக்குவது. இவர்கள் சொல்வது தொட்டிக்கு அடியில் மேசைக்குள் வைக்கிற கண்ணாடிப் பெட்டி. தொட்டித் தண்ணீர் வழிந்து அதற்குள் இறங்கும். இறங்குகிற வாயில் ஒரு துணிப்பை குப்பையைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியின் அடுத்த தடுப்பில் ஸ்கிம்மர் என்று ஒரு கருவி, நுரையைக் கிளப்பி மிச்ச அழுக்கைத் தள்ளிவிடும். சுத்தமான தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். கோகிலாவுக்கு இது பிடித்துப்போயிற்று. ஆனால் துணிப்பையில் சிக்கல் இருந்தது. தறி வீட்டில் காற்றோடு காற்றாகப் பஞ்சு பறக்கும். சாப்பாட்டுத் தட்டில் விழும், புருவத்தில் ஒட்டும். தொட்டியில் மட்டும் விழாமல் இருக்குமா? பழைய தொட்டியிலேயே அவள் தினமும் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தாள். இனி தொட்டி நிற்கப்போவதோ தறிக்கூடத்தை ஒட்டிய சுவரோரம். பை ஒரே நாளில் அடைத்துக்கொண்டு தண்ணீர் தரையில் வழியும்.

“அப்படின்னா ரோலர்தான். பை கெடையாது. துணி மாதிரி ஒரு உருட்டு. அடைக்க அடைக்க அதுவே சுத்தி, புதுத் துணிய எறக்கும். வெளிநாட்டுச் சாமான். வெல கேட்டா அத்தான் வீட்ட விட்டுப் போயிருவாக” என்றார் பாய்.

“இருக்கட்டும். அந்த மெஷினு வேல செய்யுத வீடியோ ஒண்ணு அனுப்புங்க.”

அந்த வீடியோவை அவள் எத்தனை தடவை பார்த்தாளோ. மறுநாள் தறிக்கூடத்துக்குள் போய் ஆவுடையப்பன் முகத்துக்கு நேராக செல்போனை நீட்டியிருக்கிறாள்.

“இது என்னன்னு தெரியுதா?”

“துணி சுத்துது.”

“ஒங்க தறியில நெய்ஞ்ச துணி எப்படிச் சுத்துது?”

ஆவுடையப்பன் போனைப் பார்த்தான், தறியைப் பார்த்தான். தறியிலும் நெய்யநெய்யத் துணி கொஞ்சம் கொஞ்சமாக உருளையில் ஏறும். திரும்பி அவிழாமல் ஒரு பல்சக்கரம் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுக்காரன் பெட்டி போட்டு விற்கிற சரக்கு, பிறந்ததிலிருந்து தன் கண்முன் ஓடிக்கொண்டிருப்பதுதான் என்று அவனுக்குப் பட்டுவிட்டது. அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. நிபந்தனை போட்டவனே நேரே என் கடைக்கு வந்து நின்றான்.

“ஏலே, இரும்பு உருள உப்புத் தண்ணிக்கு ஆவாது. பிளாஸ்டிக் குழாயில உருள செஞ்சு தா” என்றான்.

செய்து கொடுத்தேன். மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை, நடுவில் தண்ணீர் விழுகிற தொட்டில். துணி அடைத்துத் தண்ணீர் மட்டம் ஏறினால் மோட்டார் ஓட வேண்டும். அதற்கு மொட்டை மாடித் தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்த விற்கிற அதே மிதவை சுவிட்சைத் திருப்பிப் போட்டேன். காரின் முன்கண்ணாடி துடைக்கிற மோட்டார் ஒன்றைக் காயலான் கடையில் பிடித்தோம். மெதுவாகச் சுற்றும், இழுவை ஜாஸ்தி. தறியிலிருந்து கழற்றிய பல்சக்கரத்தைத் தண்ணீர் படாத பக்கம் மாட்டினான் ஆவுடையப்பன். துணிக்கு எங்கே போவது என்ற கேள்வியே எழவில்லை. தறியிலிருந்து இறங்கிய, இழை கொஞ்சம் விலகிய பருத்தித் துணியை அளவுக்குக் கிழித்து உருட்டிக் கொடுத்தான்.

நியாஸ் பாய் மட்டும் தயங்கினார். “அக்கா, கம்பெனி உருட்டுல வாரது வேற சரக்கு. பருத்தித் துணி போட்டு நான் பாத்ததில்ல. பாக்காததுக்கு நான் ஜவாப் சொல்ல முடியாது” என்று நேர்மையாகச் சொன்னார். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளும் நிலைமையில் இல்லை. மூன்று பேருக்கும் தலைகால் புரியவில்லை.

பவளமும் மீனும் புதுத் தொட்டிக்குக் குடிமாறின. முதல் ரெண்டு நாள் பார்க்க வேண்டுமே. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, மீன் காற்றில் மிதப்பதுபோல் இருந்தது. மோட்டார் ‘கிர்’ என்று கொஞ்சம் ஓடி நிற்கும். துணி ஒரு விரற்கடை நகரும். நான் கடையை அடைத்துவிட்டு வந்து பார்த்தேன். வருகிற போகிறவர்களிடமெல்லாம் சுவிட்ச் என்னுடையது என்று சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் தண்ணீர் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் லேசான புகை போல. பிறகு நீராகாரம் போல. கோமாளி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சுத்தியல் பவளம் தன் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் எலும்பாக நின்றது.

பாய் பஸ் பிடித்து ஓடிவந்து, காற்றடிக்கும் மோட்டார் ரெண்டு வைத்தார். “புதுத் தொட்டி ஒரு தடவ இப்படிக் கலங்கும். பொறுத்துப் பாப்போம், இன்ஷா அல்லாஹ் தெளியும்” என்றார். தெளியவில்லை. கோகிலா தண்ணீரை மாற்றினாள், உப்புக் கரைத்து ஊற்றினாள், மறுபடி மாற்றினாள். கலங்கக் கலங்கத் துணி அடைத்தது. அடைக்க அடைக்க மோட்டார் ஓடியது. ஓட ஓடப் புதுத் துணி இறங்கியது. அவ்வளவு புதுத் துணி இறங்கியும் தண்ணீர் முன்னைவிட மோசமாகத்தான் ஆனது. இந்தக் கணக்கு என்ன என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஆவுடையப்பன் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்தான். ஊரில் எந்த நோய்க்கும் அதுதான் முதல் மருந்து. ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டிப் பக்கம் கையைக் கொண்டுபோனவனைக் கோகிலா மணிக்கட்டிலேயே பிடித்துவிட்டாள்.

“அம்மன் கோவிச்சிக்கிட மாட்டா. எனக்கு நெத்தியில வச்சி விடுங்க, தொட்டிக்கு வேண்டாம்.”

நெற்றியில் மண்ணோடு அவள் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித்தபசு நெருங்கிக்கொண்டிருந்தது. தபசுக்கு வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள் வருவார்கள். ஆவுடையப்பன் ஒருநாள் அவள் பார்க்காத நேரத்தில் டேப்பை எடுத்துத் தொட்டி நிற்கிற இடத்தை அளந்தான். அவள் பார்த்துவிட்டாள். போனை எடுத்து நியாஸ் பாயிடம், “தபசு கழிஞ்சு வந்து எடுத்துக்கிடுங்க பாய்” என்று மட்டும் சொன்னாள். அவள் அந்த வீட்டில் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு ஆவுடையப்பன் மேல் வந்த கோபத்துக்கு, அந்த டேப்பைப் பிடுங்கி அவன் கழுத்தில் சுற்றலாம்போல் இருந்தது.

ரெண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், குழாய் இணைப்பில் நீர் கசிகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் மேசைக்கடியில் தலையை விட்டிருந்தேன். கோகிலா, சுற்றி முடித்து அலசிக் கொடியில் காயப்போட்டிருந்த பழைய துணியைத் தரை துடைக்க எடுத்தாள். மறு கையில் மாட்டப்போகிற புது உருட்டு. அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணாச்சி, இங்கன வாங்க. ரெண்டையும் தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். எனக்கு என்ன தெரியும்? “இது பழசு, இது புதுசு” என்றேன்.

“பழச நல்லா அலசிக் காயவச்சாச்சு. காய்ஞ்ச பெறவும் தொவண்டு கெடக்கு. புதுசு மொடமொடன்னு நிக்கி. அந்த மொடமொடப்பு எங்க போச்சு?”

அவள் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து, புது உருட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து அதில் முக்கிக் கசக்கினாள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. தொட்டியில் இருந்த அதே நிறம். தம்ளரைத் தூக்கிக்கொண்டு தறிக்கூடத்துக்குள் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். தறிச்சத்தத்தில் பேச்சே இல்லை. ஆவுடையப்பன் முன்னால் தம்ளரைத் தூக்கிப் பிடித்தாள். அவன் பார்த்தான். தறியை நிறுத்தினான்.

“கஞ்சி” என்றான்.

நீளவாக்கில் ஓடுகிற பாவுநூல் அறுந்துவிடாமல் இருக்க, தறியில் ஏற்றுவதற்கு முன் மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சிப் போடுவார்கள். நெய்து இறங்குகிற துணியில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும். நாங்கள் அன்றாடம் ஒரு கடலுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம். அதைத் தின்று கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகி, மீனுக்கு இருந்த காற்றையும் அவையே குடித்துக்கொண்டிருந்தன. ஸ்கிம்மர் பாவம், எவ்வளவுதான் நுரை தள்ளும்? வெளியூர்க்காரன் எவனாவது கடையில் துணி வாங்கியிருந்தால் ஒரு தடவை நனைத்து அலசியிருப்பான். இந்தத் தப்பைத் தறிக்காரன் வீட்டில் மட்டும்தான் செய்ய முடியும். துணி என்றால் கஞ்சியோடு இருப்பது என்று அவர்கள் கைக்கு அவ்வளவு பழகிவிட்டது.

ஆவுடையப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கோகிலாவோ சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். “தொட்டி கெட்டுப் போவல. நாமதான் கெடுத்தோம். நாமன்னா சரி பண்ணிரலாம்லா” என்றாள்.

அன்றைக்கே உருட்டைக் கழற்றினோம். பாதித் தண்ணீரை மாற்றினோம். வேறு துணியை வெந்நீரில் போட்டு அலசி மாட்டிப் பார்த்தோம். கலக்கம் நின்றது, ஆனால் துவைத்த துணி ஓரம் கோணி, உருளையில் ஒருபக்கமாக ஏறி மாட்டிக்கொண்டது. தண்ணீர் துணியைத் தொடாமல் ஓரமாக ஓடியது.

“ஏங்க, கஞ்சி போடாம ஒரு பாவு ஓட்டுங்க” என்றாள்.

“ஏட்டி, நீ தெரிஞ்சுதான் பேசுதியா? கஞ்சி இல்லாத நூலு தறியில நிக்குமா? இழ அத்து அத்துக் கெடக்கும்.”

“ஒத்த நூலுதான அறும். முறுக்கு நூலு வாங்கி ஓட்டுங்க.”

ரெண்டு இழையைச் சேர்த்து முறுக்கிய நூல் கஞ்சி இல்லாமலே தாங்கும். அது அவனுக்கும் தெரியும். பெண்டாட்டி சொல்லி ஒத்துக்கொள்ளத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. தபசுக்கு முன்னால் முடிக்க வேண்டிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் ஒரு தறியை அதிலிருந்து பிரித்து, சின்னதாக ஒரு பாவு ஏற்றி, வேகத்தைக் குறைத்து, அவனே பக்கத்தில் நின்று ஓட்டினான். இழை அறுந்தபோதெல்லாம் யாரையும் திட்டாமல் முடிச்சுப் போட்டான். அவன் யாரையும் திட்டாமல் வேலை பார்த்து நான் பார்த்ததே கிடையாது. உருளையின் அகலத்துக்கே நெய்து இறக்கினான். ஓரம் ரெண்டும் கட்டுக்கோப்பாக இருந்தது. கோகிலா ஒரு துண்டைத் தம்ளரில் போட்டுக் கசக்கினாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

அந்த உருட்டு நேராக ஓடியது. பறக்கிற பஞ்சையும் மீன் கழிவையும் பிடித்துச் சுருட்டிக்கொண்டு போயிற்று. தொட்டி நாளுக்கு நாள் தெளிந்தது. ஸ்கிம்மர் கறுப்பாக நுரை தள்ளியது. கோமாளி மீன்கள் கீழே இறங்கி, வழக்கம்போல் ஒன்றை ஒன்று விரட்ட ஆரம்பித்தன. சுத்தியல் பவளம் மட்டும் திறக்கவில்லை.

தபசன்றைக்குத் தறி எல்லாம் நின்றது. வருஷத்தில் அந்த வீடு மூச்சுவிடுகிற நாள் அது. வெளியே ஊரே தெருவில் கிடக்க, கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நியாஸ் பாயும் வந்திருந்தார், தொட்டியை எடுக்க அல்ல, பார்க்க. வழக்கமாகக் கத்திப் பேசுகிற கூட்டம் அது. அன்றைக்குத் தொட்டி முன்னால் எல்லாருக்கும் குரல் தானாகத் தணிந்துவிட்டது. தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. இடையில் ‘கிர்’ என்று துணி ஒரு விரற்கடை நகர்ந்தது.

“அண்ணாச்சி” என்று கோகிலா என் கையைப் பிடித்தாள்.

சுத்தியல் பவளம் திறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு விரலாக, நுனியில் குட்டிச் சுத்தியலோடு வெளியே வந்து, நீரோட்டத்தில் ஆட ஆரம்பித்தது. ஆண் கோமாளி மீன் முதலில் போய் முட்டிப் பார்த்தது. பெண் மீன் எதையும் பார்க்காமல் நேரே நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. என் கண் நிறைந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

“மாஷா அல்லாஹ்” என்றார் நியாஸ் பாய். கொஞ்ச நேரம் குனிந்து உருளையையே பார்த்தார். “அக்கா, நம்ம கடைக்கு இதே மாதிரி உருட்டு வேணும். என் கஸ்டமர் பூராப் பேருக்கும் வேணும். தருவீயளா?”

கோகிலா ஆவுடையப்பனைப் பார்த்தாள். அவன் மோட்டுவளையைப் பார்த்தான்.

“அடுத்த பாவு ஏத்தியாச்சு. கஞ்சி இல்லாமத்தான்” என்றான்.

இப்போதெல்லாம் மாதம் தவறாமல் உருட்டுகள் கடையநல்லூருக்குப் போகின்றன. நியாஸ் பாய் வழியாக அங்கிருந்து வேறு ஊர்களுக்கும் போகின்றனவாம். உருட்டுச் சரக்கில் பஞ்சு படியாமல் வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆவுடையப்பனின் அம்மா சீராகக் கொண்டுவந்த பீரோ தறிக்கூடத்து மூலையில்தான் நிற்கிறது. கோகிலா அதைத் துடைத்து, கதவுக்கு எண்ணெய் விட்டு, கஞ்சி போடாத துணி உருட்டுகளை மேல்தட்டு வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறாள். பீரோ உள்ளே வர வேண்டும் என்று ஆவுடையப்பன் இப்போது பேசுவதில்லை. சாவியை இடுப்பில் சொருகியிருப்பவள் அவள்.